சொந்தக்காரர் இல்லாத ‘சொந்தக் கருத்து’

தமிழ்நாட்டில் அரசியல் செய்தி எழுதுகிற எந்த நிருபரைக் கேட்டாலும் சொல்வார்: கட்சி அலுவலகத்துக்கு போன் போடும் முன்பே பதில் தெரிந்துவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. காலையில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த செயல்வீரர்கள் கூட்டத்தில், முன்னணிப் பேச்சாளர் ஒருவர் கூட்டணி பற்றியோ மதுவிலக்கு பற்றியோ ஆட்சியில் பங்கு பற்றியோ கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருப்பார். மதியத்துக்குள் அது தொலைக்காட்சித் திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் ஓடத் தொடங்கும். சாயங்காலம் தலைமையிடமிருந்து நாலே சொற்களில் விளக்கம் வரும்: ‘அது அவரது சொந்தக் கருத்து.’

அத்தோடு முடிந்தது. பேசியவர் மறுநாளும் அதே பொறுப்பில் இருப்பார். அடுத்த வாரம் அதே தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கூட்டணிக் கட்சிக்குப் போய்ச் சேர வேண்டிய சேதி போய்ச் சேர்ந்திருக்கும். எதிர்ப்பு பலமாகக் கிளம்பினால் தலைமைக்கு அதில் சம்பந்தமில்லை. வரவேற்பு வந்தால் ஒரு மாதத்தில் அதுவே தீர்மானமாகிவிடும். ஊரில் இதற்கு நூல் விட்டுப் பார்ப்பது என்று பெயர்.

இந்த நாலு சொல்லோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. ஒன்றைச் சொந்தம் என்று சொல்லிவிட்டால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். வீட்டைச் சொந்தம் என்கிறவர் பத்திரம் வைத்திருக்கிறார், வருஷா வருஷம் வீட்டு வரி கட்டுகிறார். கருத்தைச் சொந்தம் என்கிறவர் எந்த வரியைக் கட்டினார்? அமைப்பு எடுத்த முடிவுக்கு மாறாகப் பொதுவெளியில் பேசுவது நம் அரசியலில் புதிதல்ல. இந்த மாநிலத்தின் அரசியல் வரலாற்றைப் பாதிக்குப் பாதி அப்படிப் பேசியவர்கள்தாம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வரி கட்டினார்கள்.

1942 ஏப்ரலில் சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசம் போயிருந்தன. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். குண்டுவீச்சில் கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமே என்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். டில்லியில் கிரிப்ஸ் தூதுக்குழுவின் பேச்சு முறிந்திருந்தது. காங்கிரஸ் மந்திரிசபைகள் 1939-லேயே பதவி விலகிவிட்டதால், எதிரி வாசலில் நிற்கும்போது மாகாணத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு என்று ஒன்று இல்லை.

ராஜாஜி அப்போது காங்கிரஸ் காரியக் கமிட்டி உறுப்பினர். முஸ்லிம் லீக் பிரிவினையில் பிடிவாதமாக இருந்தால் அந்தக் கோரிக்கையை ஒப்புக்கொண்டாவது ஒரு தேசிய அரசாங்கத்தை உடனே அமைத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். ஏப்ரல் 23-ஆம் தேதி சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியைக் கூட்டி, அந்தக் கருத்தைத் தீர்மானமாகவே நிறைவேற்றிவிட்டார். காரியக் கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், கமிட்டியைக் கேட்காமல், நாட்டின் ஆகப்பெரிய கேள்வியில் கட்சியின் போக்குக்கு எதிரான தீர்மானத்தைப் பத்திரிகைகளில் வரவைத்துவிட்டார். காங்கிரஸ் தலைவர் ஆசாத்துக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

அதன் பிறகு ராஜாஜி செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஆசாத்துக்கு எழுதிய கடிதத்தில் அவர் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் போட்டார். தீர்மானம் கொண்டுவரும் முன் உங்களோடும் மற்ற சகாக்களோடும் பேசியிருக்க வேண்டும், பேசாதது தவறு என்று ஒப்புக்கொண்டார். கருத்து மாறவில்லை, அதை ஜனங்களிடம் எடுத்துச் சொல்வது என் கடமை, ஆகவே காரியக் கமிட்டியிலிருந்து விலகுகிறேன் என்றார். முறையில் தவறியதற்கு வருத்தம், கருத்துக்கு வருத்தமில்லை. இன்றைக்கு நம் தலைவர்கள் செய்வதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருத்தை ‘திரித்து வெளியிட்டுவிட்டார்கள்’ என்று பத்திரிகை மேல் போட்டுவிட்டு, பதவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியில் ராஜாஜியின் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. எதிராக 120, ஆதரவாக 15. சபையில் தோற்ற பிறகு அவர் ஊர் ஊராகப் போய் அதையே பேசினார். பம்பாய் மாட்டுங்காவில் அவர் மேல் தார் வீசினார்கள். காந்தி அவருக்குச் சொன்ன யோசனை கடுமையானதுதான், ஆனால் அதில் ஒரு மரியாதை இருந்தது: காங்கிரசோடு உள்ள உறவை வெட்டிக்கொள்ளுங்கள், பிறகு முழு மூச்சோடு உங்கள் பிரசாரத்தைச் செய்யுங்கள். ஜூலையில் ராஜாஜி கட்சி உறுப்பினர் பதவியையும் சட்டமன்ற இடத்தையும் விட்டார். ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் வந்தது. கால் நூற்றாண்டு கூட இருந்தவர்கள் எல்லாம் சிறைக்குப் போனார்கள். அவர் வெளியே இருந்தார். சிறைக்குப் போனவர்கள் அதை மறக்கவில்லை. 1945-இல் அவர் காங்கிரசுக்குத் திரும்பியபோது தமிழ்நாட்டுக் காங்கிரசில் கிளம்பிய புகைச்சல், காமராஜர் அணிக்கும் ராஜாஜி அணிக்கும் நடந்த பூசல் எல்லாம் அந்தக் கணக்கின் வட்டிதான்.

1947 ஜூனில் அதே அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி பிரிவினைத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

ராஜாஜி சொன்னது சரி என்று நிறுவ இதைச் சொல்லவில்லை. அவர் சொன்னபடி 1942-இலேயே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யார் கண்டது? அவர் எப்போதும் சபையை மதித்தவர் என்றும் சொல்லிவிட முடியாது. 1953-இல் முதலமைச்சராக இருந்து அவர் கொண்டுவந்த, ‘குலக்கல்வி’ என்று பேர் வாங்கிய பள்ளித் திட்டத்தைச் சொந்தக் கட்சியையே கலக்காமல் அறிவித்து, அடுத்த வருஷம் அதற்காகவே பதவியை இழந்தார். தலைமைக்கு எதிராக நின்றபோது கலந்து பேசாததற்கு வருந்தியவர், தானே தலைமையில் இருந்தபோது அதே பாடத்தை மறந்துவிட்டார். மனுஷர்தானே.

இன்னொரு கதைக்கு வருவோம். தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை, ஆனால் பாதியைத்தான் வழக்கமாகச் சொல்கிறோம்.

1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்று பெரியார் அறிவித்தார். வெள்ளைக்காரன் கையிலிருந்து அதிகாரம் பார்ப்பன, பனியா கைக்கு மாறுகிறது. திராவிடருக்கு அதில் கொண்டாட என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். திராவிடர் கழகத்தில் பெரியார் சொல்வதுதான் கழகத்தின் கொள்கை. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அப்படிப்பட்ட இயக்கத்தில், தலைவருக்கு அடுத்தபடி ஊரெல்லாம் பேர் தெரிந்த அண்ணா, ஆகஸ்ட் 10-ஆம் தேதி தம்முடைய ‘திராவிட நாடு’ இதழில் நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அந்த நாள் துக்க நாளல்ல, மகிழ்ச்சிக்குரிய நாள் என்றார். நமக்கு இரண்டு எதிரிகள் இருந்தார்கள், ஒருவன் போகிறான், அதற்கு மகிழ வேண்டாமா என்பது அவர் வாதத்தின் சாரம். வெள்ளையன் போவதற்குத் துக்கப்பட்டால், அவனுக்கு வேண்டியவர்கள் என்ற பழி காலத்துக்கும் நம் மேல் ஒட்டிக்கொள்ளும் என்ற கவலையும் அதில் இருந்தது.

அந்த அறிக்கையில் வாதத்தைவிட என்னைக் கவர்வது வேறு ஒன்று. கட்சிக் கட்டுப்பாட்டை மீறுவதாக இதைக் கருதலாம், என்னைக் கழகத்திலிருந்து நீக்கவும் செய்யலாம், நீக்கினாலும் வெளியே இருந்து இந்தக் கொள்கைகளுக்காகவே வேலை செய்வேன் என்று அவரே அதில் எழுதிவைத்துவிட்டார். யாரும் கேட்பதற்கு முன்னால், வர வேண்டிய தண்டனையைத் தம் கையாலேயே குறித்துக் கொடுத்துவிட்டார். ‘சொந்தக் கருத்து’ என்ற சொல்லுக்கு அன்று அர்த்தம் இருந்தது.

பெரியார் அவரை நீக்கவில்லை. கசப்பு இருந்தது. 1948 மே மாதம் தூத்துக்குடியில் நடந்த மாகாண மாநாட்டுக்கு அண்ணா போகவில்லை. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் ஈரோட்டில் நடந்த தனி மாநாட்டில் அண்ணாவைத்தான் தலைமை தாங்க வைத்தார் பெரியார். பெட்டிச் சாவியை இவரிடம் கொடுக்கிறேன் என்ற பொருளில் அந்த மாநாட்டில் அவர் பேசியதை இன்றும் சொல்லிச் சிலாகிக்கிறவர்கள் உண்டு. பொதுவெளியில், அச்சில், தலைவரை மறுத்து எழுதியவருக்கு அடுத்த வருஷமே மாநாட்டுத் தலைமை. பிறகு 1949 ஜூலையில் பெரியார் – மணியம்மை திருமணம், செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடக்கம். அங்கேயும் தலைவர் நாற்காலியை அண்ணா பெரியாருக்காகக் காலியாகவே விட்டுவைத்தார்.

பிரிவுக்கு விதை 1947-லேயே விழுந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்விட்டுச் சொன்ன கருத்து வேறுபாட்டை அந்தக் கழகம் இரண்டு வருஷம் சுமந்து நடந்தது. வாதம் செய்ய இடமில்லாத ஒரு முடிவு வந்தபோதுதான் உடைந்தது.

அண்ணா கட்சி தொடங்கிய பிறகு அந்தக் கட்சிக்குள் மாறுபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பது நியாயம். ஈ.வெ.கி. சம்பத் தி.மு.க.வின் முதல் வரிசைக்காரர், பேச்சில் சூரர், பெரியாரின் அண்ணன் மகன். திராவிட நாடு கோரிக்கை நடைமுறைக்கு வராது என்ற எண்ணம் அவருக்கு முற்றிவிட்டது. உள்கட்சிப் பூசலும், சினிமாக்காரர்களுக்குக் கிடைத்த முக்கியத்துவம் பற்றிய எரிச்சலும் அதோடு சேர்ந்துகொண்டன. 1961-இல் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார். கண்ணதாசனும் கூடப் போனார். 1962 தேர்தலில் அந்தக் கட்சி எடுபடவில்லை. பிரிவினை கேட்பதைத் தடுக்கும் 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1963-இல் வந்தது. அந்த ஆண்டே தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. சம்பத் கொடுத்த விலை என்னவோ அவரோடு போயிற்று. அவர் சொன்னது இரண்டே வருஷத்தில் கட்சியின் அதிகாரபூர்வ நிலைப்பாடாகிவிட்டது. அவரைத் திரும்பக் கூப்பிட்டு ‘நீங்கள் சொன்னது சரிதான்’ என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. கட்சிகளுக்கு அந்த வழக்கம் கிடையாது.

எம்.ஜி.ஆர். கதையில் நியாயம் இரு பக்கமும் கிடக்கிறது. 1972 அக்டோபர் 8-ஆம் தேதி திருக்கழுக்குன்றம் பொதுக்கூட்டத்தில், கட்சிப் பொறுப்பாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று அவர் பேசினார். இரண்டு நாளில் தற்காலிக நீக்கம். 14-ஆம் தேதி நிரந்தர நீக்கம். 17-ஆம் தேதி அ.தி.மு.க. மைக்கைப் பிடித்ததிலிருந்து புதுக் கட்சி வரை ஒன்பதே நாள். அன்றைக்குத் தி.மு.க. தரப்பு கேட்ட கேள்வி அற்பமானதல்ல: பொதுக்குழு இருக்கிறது, செயற்குழு இருக்கிறது, அங்கே எழுப்ப வேண்டியதைத் தெருவில் எழுப்பலாமா? அதிலும், கணக்கு கேட்டவரே கட்சியின் பொருளாளர். சரிதான். ஆனால் ஆளும் கட்சியின் பொறுப்பாளர் எப்படிச் சொத்துச் சேர்த்தார் என்பது கட்சியின் வீட்டு விஷயமா? ஓட்டுப் போட்டவனுக்கு அதில் பாத்தியதை இல்லையா? முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை உள்ளே பேச வேண்டும், மறைக்கப்படும் விஷயத்தை வெளியே பேசலாம் என்று ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் சண்டையே. திண்டுக்கல் மக்கள் 1973 மே மாதம் இடைத்தேர்தலில் தங்கள் தீர்ப்பைச் சொன்னார்கள், 1977-இல் மாநிலம் சொன்னது. அது அரசியல் தீர்ப்பு. முறை பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

இவ்வளவும் எழுதுவதால், அமைப்புக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிற்சங்கத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. சங்கம் இருபது கேட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் சங்கத்தின் துணைச் செயலாளர் ஒருவர் கேட் மீட்டிங்கில், ‘பன்னிரண்டு கொடுத்தாலே தாராளம்’ என்று மனத்தில் பட்டதைப் பேசிவிட்டால் என்ன ஆகும்? அன்று சாயங்காலம் நிர்வாகம் பன்னிரண்டுக்கு மேல் ஒரு பைசா ஏறாது. அவர் சொன்னது நேர்மையான மதிப்பீடாகவே இருக்கலாம். அதற்கு விலை கொடுத்தது அவரல்ல, மூன்று ஷிப்டுத் தொழிலாளிகளும். கூட்டாக எடுத்த முடிவைக் கூட்டாகக் காப்பாற்றுவது என்ற வழக்கம் அதிகார ஆசையில் பிறந்ததல்ல. பலம் இல்லாதவர்கள் பலத்துக்காகக் கண்டுபிடித்தது.

கம்யூனிஸ்டுகள் இதை ஜனநாயக மத்தியத்துவம் என்பார்கள்: முடிவெடுக்கும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடு, எடுத்த பிறகு அதுதான் உன் வாயிலும் வர வேண்டும். ஜோதி பாசுவின் வாழ்க்கையில் இந்த விதிக்கு வந்ததைப் போன்ற சோதனை வேறு யாருக்கும் வந்ததில்லை. 1996 மே மாதம் ஐக்கிய முன்னணி அவரைப் பிரதமராகக் கூப்பிட்டது. மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு, பெரும்பான்மை ஓட்டில், மத்திய அரசில் சேர்வதில்லை என்று முடிவெடுத்தது. பிரதமர் நாற்காலி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, பாசு கட்சி முடிவுக்குக் கட்டுப்பட்டுக் கல்கத்தாவுக்குத் திரும்பி முதலமைச்சர் வேலையைப் பார்த்தார். தேவ கௌடா பிரதமரானார். சில மாதம் கழித்து ஒரு பத்திரிகை நேர்காணலில், அந்த முடிவு வரலாற்றுத் தவறு என்றார் பாசு. விதிப்படி பார்த்தால் அது மீறல். ஆனால் முதலில் கீழ்ப்படிந்து, இழக்க வேண்டியதை இழந்துவிட்டு, பிறகு பேசினார். கட்சியும் அவரை ஒன்றும் செய்யவில்லை. 1998 கல்கத்தா மாநாட்டில் பழைய முடிவு சரியே என்று மறுபடியும் உறுதி செய்துகொண்டது. இரண்டு தரப்பும் தங்கள் தங்கள் கருத்தைத் தெளிவாகப் பதிந்துவிட்டுச் சேர்ந்தே இருந்தார்கள்.

வீடணனா, கும்பகருணனா என்று நம் பட்டிமன்றங்கள் நூறு தடவை தீர்ப்புச் சொல்லிவிட்ட வழக்குதான் இது. சபையில் அண்ணனை இடித்துரைத்தவர்கள் இரண்டு பேருமே. ஒருவன் இலங்கையை விட்டுப் போனான், ஒருவன் இருந்து செத்தான். சபையில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, வெளியே வந்து ராமன் பக்கத்து ஆட்களிடம் ‘என் சொந்தக் கருத்து என்னவென்றால்…’ என்று இழுத்த மூன்றாவது தம்பி ஒருவனை எந்தக் கவிஞரும் படைக்கவில்லை.

பா.ஜ.க.வின் கதைகளும் உண்டு. 2005 ஜூனில் அத்வானி கராச்சியில் ஜின்னா பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை, அவர் கட்சித் தலைமையை இழப்பதில் முடிந்தது. 2009 ஆகஸ்டில் ஜஸ்வந்த் சிங் ஜின்னா பற்றி எழுதிய புத்தகம் வெளியான இரண்டே நாளில் அவர் நீக்கப்பட்டார். மறு வருஷம் திரும்பச் சேர்க்கப்பட்டார். இரண்டிலும் கட்சி என்ன நினைக்கிறது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. அந்த அளவுக்கு நேர்மை.

அமைச்சர்களுக்கு விதி இன்னும் கறாரானது. அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆரம்ப காலத்தில் அதை மதித்தார்கள். திட்டக் கமிஷன் அமைப்பில் உடன்பாடில்லாத ஜான் மத்தாய், நேரு – லியாகத் ஒப்பந்தத்தை ஏற்காத சியாமா பிரசாத் முகர்ஜி, இந்து சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போனதில் மனம் கசந்த அம்பேத்கர் என ஒவ்வொருவரும் முதலில் ராஜினாமா கொடுத்தார்கள். இன்று அமைச்சரே அரசின் முடிவுக்கு மாறாகப் பேசுகிறார், அவருக்கும் ‘சொந்தக் கருத்து’ச் சலுகை கிடைக்கிறது. அதே அரசின் கீழ் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரோ, அரசு மருத்துவரோ, கிராம நிர்வாக அலுவலரோ அரசின் கொள்கையைக் குறை சொல்லிவிட்டால் நடத்தை விதிகள் பாயும், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 (பி) மெமோ வீடு தேடி வரும். ‘இது என் சொந்தக் கருத்து’ என்று அவர் விளக்கம் எழுதிக் கொடுத்துப் பார்க்கட்டும்.

எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் அமைச்சர்கள் அல்லர். கட்சி வரிசையிலிருந்து கேள்வி கேட்பது ஒரு காலத்தில் அவர்கள் வேலையாகவே இருந்தது. 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் போனது எப்படி என்று மக்களவையில் கிளறியவர் ஆளும் காங்கிரசைச் சேர்ந்த பெரோஸ் காந்தி; பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளாவின் விசாரணை நடந்தது, நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேள்வி கேட்டதற்காக பெரோஸைக் கட்சி விலக்கவில்லை.

1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் இருந்தாலோ, தாமாகக் கட்சியை விட்டாலோதான் அதன்படி பதவி போகும். வெளியே பேசுவது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் 2017-இல் தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரி 18-ஆம் தேதி நம்பிக்கை ஓட்டெடுப்பில் அ.தி.மு.க.வின் பன்னீர்செல்வம் அணியைச் சேர்ந்த பதினொரு பேர் சொந்தக் கட்சி அரசுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் யாருக்கும் பதவி போகவில்லை. ஆகஸ்டில் அணிகள் இணைந்ததும் பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர். அதற்கு மறுநாள், முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று அதே கட்சியின் தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். சபைக்குள் அவர்கள் எதிர்த்து ஓட்டுப் போடவே இல்லை. செப்டம்பர் 18-ஆம் தேதி அவர்களில் பதினெட்டுப் பேரைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கினார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்து, 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி அந்த நீக்கத்தை உறுதி செய்தார். சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞர்கள் பேசட்டும். ஓட்டால் எதிர்த்தவர் நாற்காலியில், கடிதத்தால் எதிர்த்தவர் வீட்டில் என்ற காட்சியைச் சாதாரண மனிதர் எப்படிப் படித்தார் என்பது எனக்குத் தெரியும். கட்டுப்பாட்டை மீறினாரா என்று யாரும் பார்க்கவில்லை, மீறியவர் நமக்கு இனி வேண்டுமா என்றுதான் பார்த்தார்கள் என்று படித்தார்.

‘அது அவரது சொந்தக் கருத்து’ என்ற சொல்லாட்சியில் நான் கண்டுபிடித்த சூது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாலு சொல்லும், கருத்து யாருடையது என்று சொல்கிறதே தவிர, கட்சியின் கருத்து என்ன என்று சொல்வதில்லை. 1942-இல் காங்கிரஸ் ‘அது ராஜாஜியின் கருத்து’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 120 ஓட்டுப் போட்டுத் தன் கருத்தைச் சொன்னது. 1947-இல் பெரியாரின் நிலைப்பாடு எழுத்தில் இருந்தது, அண்ணாவினுடையதும் எழுத்தில் இருந்தது. படித்தவர்கள் எடை போட்டுக்கொண்டார்கள். இப்போது வருகிற மறுப்பில் எடை போட ஒன்றுமே இல்லை. மதுக்கடையை மூட வேண்டும் என்று மாவட்டச் செயலாளர் பேசினால், அது சொந்தக் கருத்து என்கிறார்கள். அப்படியானால் கட்சி மூட வேண்டாம் என்கிறதா? அதையும் சொல்ல மாட்டார்கள். கைவிடப்பட்ட கருத்தும் நடுத்தெருவில், கட்சியின் கருத்தும் நடுத்தெருவில்.

மைக்கோடு வாசலில் நிற்கும் இளைய நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சொந்தக் கருத்து’ என்ற பதில் வந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். அப்படியென்றால் உங்கள் கட்சியின் கருத்து என்ன, எந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவு, பேசியவரிடம் விளக்கம் கேட்டீர்களா என்று அடுத்த கேள்வியையும் போடுங்கள். பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்பதைச் செய்தியாக்குங்கள். நம் நாளிதழ்களும் கட்டுரைக்குக் கீழே ‘கட்டுரையாளரின் சொந்தக் கருத்து’ என்று போடுவது உண்டு. போட்டுக்கொள்ளட்டும். இதன் சொந்தக்காரன் நான்தான், வரி கட்டத் தயார்.

1967 பிப்ரவரித் தேர்தலில் இந்தக் கட்டுரையில் வந்த பழைய தலைமுறைத் தமிழ்நாட்டு ஆட்கள் பலரும் ஏதாவது ஒரு பக்கம் இருந்தார்கள். 1942-இல் காங்கிரசை மீறிய ராஜாஜி சுதந்திராக் கட்சித் தலைவராக அண்ணாவோடு கூட்டணி வைத்திருந்தார். சம்பத் காங்கிரசில் இருந்தார். எம்.ஜி.ஆர். ஜனவரியில் எம்.ஆர்.ராதாவால் சுடப்பட்டு, மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். காமராஜர் விருதுநகரில் தோற்றார். பெரியார் அந்தத் தேர்தலில் தி.மு.க.வை எதிர்த்துக் காமராஜரின் காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்டிருந்தார். முடிவுகள் வந்த பிறகு, பதவியேற்பதற்கு முன்னால், அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார்.